ஆணி அடிக்க அனுமதி

பெங்களூர் வீட்டுச் சுவரில் பத்திரிகைகளுக்கு ஓர் இடம் தேடிய கதை

பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு ஒரு நிபந்தனை மனப்பாடமாக இருக்கும். அட்வான்ஸ், வாடகை, தண்ணீர்க் கட்டணம் எல்லாம் பேசி முடித்து, சாவியைக் கையில் கொடுக்கும்போது வீட்டுக்காரர் சொல்வார்: "சுவத்துல மட்டும் ஆணி அடிக்காதீங்க." காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்ட் செலவு என்று பிடித்துக்கொள்ளப் போகிறவரும் அவர்தான். இருந்தாலும் சொல்வார்.

பதினாறு ஆண்டுகளில் நான்கு வாடகை வீடுகள். காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. கடிகாரம் ஃபிரிட்ஜின் தலையில் உட்கார்ந்திருந்தது. சென்ற ஆண்டு வங்கிக் கடனில் இரண்டு படுக்கையறைகள் கொண்ட சிறிய ஃபிளாட் ஒன்று சொந்தமானபோது, வீட்டில் எல்லோரும் முதலில் பேசியது சுவரைப் பற்றித்தான். ஒருவருக்கு சாமி படம், இன்னொருவருக்குத் தொலைக்காட்சி. நான் கேட்டது பத்திரிகைகளுக்கு ஒரு ரேக்.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் வீட்டுக்கு வாரம் இரண்டு தமிழ் இதழ்களும் ஒரு கன்னட இதழும் வருகின்றன. சிற்றிதழ்கள் எப்போது வரும் என்று அவற்றின் ஆசிரியர்களுக்கே தெரியாது, ஆனாலும் வருகின்றன. மொழிபெயர்ப்பும் பத்திரிகை வேலையும் பிழைப்பாக உள்ளவன் வீட்டில் இது புதுமையல்ல. வந்தவை டீபாயின் கீழ்த்தட்டுக்குப் போகும். அங்கிருந்து சோபாவுக்கு அடியில். அங்கிருந்து மாதக் கடைசியில் பழைய பேப்பர்காரரின் தராசுக்கு. ஒரு நாள் ஒன்பது வயது மகள், சோபாவுக்கு அடியில் போன பந்தை எடுக்கக் குனிந்தவள், ஒரு தமிழ் வார இதழை இழுத்து எடுத்துக் கேட்டாள்: "அப்பா, இது உங்க ஆபீஸ் பேப்பரா?"

அவள் வீட்டில் தமிழ் பேசுகிறாள். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கிறாள். தமிழ் எழுத்துகளை ஒரு கோடை விடுமுறையில் சொல்லிக் கொடுத்திருந்தோம். ஆனால் தமிழில் அச்சான ஒரு பொருள் அவளுக்காகவும் வீட்டுக்குள் வருகிறது என்பது அவளுக்குத் தெரியவே இல்லை. பழி அவள் மேல் அல்ல, சோபாவின் மேல்.

நடுநிசியில் ஒரு சத்தம்

முதல் முயற்சி இணையத்தில் நடந்தது. கறுப்பு இரும்புக் கம்பியில் ஐந்து பைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும் ரேக் ஒன்று, படத்தில் வெகு அழகாக இருந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தது. கூடவே ஒரு சிறு பொட்டலத்தில் நான்கு திருகாணிகள், நான்கு பிளாஸ்டிக் குப்பிகள். பக்கத்து ஃபிளாட்டில் டிரில் இரவல் வாங்கி மாட்டினேன். ஐந்து பைகளிலும் கொண்ட மட்டும் அடைத்தேன்.

மூன்றாவது வாரம், இரவு இரண்டு மணிக்குப் பெரும் சத்தம். திருடன் என்று நினைத்து விளக்கைப் போட்டால், ரேக் சுவரின் காரையையும் கையோடு பெயர்த்துக்கொண்டு தரையில் கிடந்தது. சுவரில் நான்கு குழிகள். "வாடகை வீட்டுக்காரர் சொன்னது சரிதான்" என்று வீட்டில் ஒரு குரல் கேட்டது.

காலையில் சமையலறைத் தராசை எடுத்து வைத்து, முன்பே செய்திருக்க வேண்டிய கணக்கைச் செய்தேன். எண்பது பக்க வார இதழ் ஒன்று ஏறத்தாழ 140 கிராம். ஆண்டுக்கு 52 இதழ்கள் என்றால் ஏழு கிலோவுக்கு மேல். மூன்று இதழ்கள் வாங்கும் வீட்டில் ஓர் ஆண்டுக் குவியல் 22 கிலோ, அதாவது ஒரு மூட்டை அரிசிக்குக் கொஞ்சம் குறைவு. வழவழப்பான தாளில் வரும் மாத இதழ்கள் இன்னும் கனம். இந்தப் பாரத்தை ஓர் அங்குலத் திருகாணி தாங்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன். அந்த ஓர் அங்குலத்தில் பாதி, காரைப் பூச்சிலேயே முடிந்துபோகும்.

அப்போதுதான் புரிந்தது: ரேக் வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. எதை வைக்கப் போகிறோம், எந்தச் சுவரில் வைக்கப் போகிறோம். ஒரு சனிக்கிழமை, மகளையும் அழைத்துக்கொண்டு ஊரைச் சுற்றக் கிளம்பினேன்.

கயிறும் கிளிப்பும்

அல்சூரிலிருந்து தொடங்கினோம். பெங்களூர்த் தமிழர்களின் பழைய பேட்டைகளில் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் அமைத்தபோது, சென்னை ராணுவத்தோடு வந்த சிப்பாய்களும் ஒப்பந்தக்காரர்களும் வியாபாரிகளும் குடியேறிய பகுதி. மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகம் இன்றும் ஏரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கடைத்தெருவில் ஒரு பெட்டிக் கடை. முன்புறம் குறுக்கே நைலான் கயிறு. துணி காயப்போடும் கிளிப்புகளில் தமிழ், கன்னட இதழ்கள் அட்டைப்படம் தெரியத் தொங்கின. முன்பெல்லாம் நான்கு கயிறு கட்டியிருந்த இடத்தில் இப்போது ஒன்றுதான். 1941-இல் தொடங்கிய 'கல்கி' 2020-இல், கொரோனா காலத்தில், அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது நினைவுக்கு வந்தது. கயிற்றில் இடம் காலியாகும் வேகத்துக்குப் புதியவை வருவதில்லை.

இருந்தும் அந்தக் கயிறு ஒரு பாடம். பத்திரிகையை அதன் முதுகைக் காட்டி அடுக்குவதில் அர்த்தமில்லை. மெல்லிய வார இதழுக்கு முதுகே கிடையாது. அதற்கு இருப்பது முகம் மட்டும்தான். அட்டை தெரியாத பத்திரிகை கையில் எடுக்கப்படுவதில்லை. இதைக் கண்டுபிடிக்க எந்த நாட்டு வடிவமைப்பாளரும் தேவைப்படவில்லை, பெட்டிக் கடைக்காரர் போதும்.

நம் வீடுகளுக்கும் இது தெரியாததல்ல. எழுபது, எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்கு, கூடத்துச் சுவரில் தொங்கிய துணிப் பை ஞாபகம் இருக்கும். தையல் வகுப்பு கற்ற அக்காவோ சித்தியோ பூவேலை செய்து, மேலே ஒரு மூங்கில் குச்சி கோத்து மாட்டியது. மூன்று அடுக்குப் பைகள்: ஒன்றில் கடிதங்கள், ஒன்றில் மின்கட்டண அட்டை, ஒன்றில் வார இதழ். இன்று கான்வாஸிலும் தோலிலும் செய்து, 'மினிமலிஸ்ட்' என்று பெயர் சூட்டி விற்பது அதைத்தான்.

ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையைப் பார்த்தோம். 1991-இல் இங்கே நிறுவப்பட்ட சிலை. எதிர்ப்பு எழுந்ததால் திறக்கப்படாமல், பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி திறக்கப்பட்டது. நான்கு நாட்கள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. மகளுக்கு இந்தக் கதை புதிது. "பதினெட்டு வருஷம் உள்ளேயேவா இருந்தாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் இந்த வழியாகப் பள்ளிக்குப் போய்வந்த ஒரு குழந்தைக்கு, துணிக்குள் இருப்பது யார் என்றே தெரியாமல் போயிருக்கலாம்.

கணிதப் பேராசிரியர் சொன்னது

சற்றுத் தள்ளி, அண்ணாசாமி முதலியார் சாலையில், 1950-இல் தொடங்கப்பட்ட பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். அங்கிருந்து மெட்ரோவில் ஏறினால் சில நிமிடங்களில் கப்பன் பூங்கா. பூங்காவுக்குள் மரங்களுக்கு நடுவே சிவப்பு வண்ணத்தில் நிற்பது சேஷாத்திரி அய்யர் நினைவு மண்டபம். மைசூர் திவானாக இருந்தவரின் நினைவாக 1915-இல் எழுப்பப்பட்டது. இன்று மாநில மத்திய நூலகம்.

பொது நூலகங்களில் பத்திரிகைகளுக்கென்று ஒரு தனி ரகச் சாய்வுத் தட்டு இருக்கும். புதிய இதழ் முன்னால், அட்டை தெரிய, பின்பக்கம் சற்றே சாய்ந்தபடி நிற்கும். தட்டைத் தூக்கினால் பின்னால் பழைய இதழ்கள். பார்வைக்குப் புதியது, தேவைக்குப் பழையது. இதைவிடத் தெளிவான பத்திரிகை ரேக்கை நான் பார்த்ததில்லை.

நூலகம் என்றால் பெங்களூரில் ஒரு பெயரைச் சொல்லாமல் நகர முடியாது. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணிதப் பேராசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்தார். பின்னாளில் பெங்களூரில் குடியேறி, 1962-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் இங்கே ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972-இல் இந்த ஊரிலேயே மறைந்தார். அவருடைய விதிகளின் சாரம் எளியது. புத்தகம் பூட்டி வைப்பதற்கு அல்ல, எடுத்துப் படிப்பதற்கு. படிப்பவர் தேடி அலையக் கூடாது. அலமாரிகள் வாசகர் கைக்கு எட்டும்படி திறந்திருக்க வேண்டும். அது புத்தகங்களைத் திருட்டுக்குப் பயந்து பூட்டி வைத்திருந்த காலம்.

அவர் நூலகங்களுக்குச் சொன்னதை வீட்டுச் சுவருக்கும் பொருத்திப் பார்த்தால் ரேக் வாங்கும் வேலை பாதி முடிந்துவிடுகிறது. பத்திரிகைகளைப் பத்திரப்படுத்த ரேக் வேண்டாம், அதற்குப் பீரோ இருக்கிறது. இந்த வாரம் படிக்க வேண்டியதை, படிக்க வேண்டியவரின் கண்ணுக்கு நேராக நிறுத்தத்தான் ரேக். அப்படியானால் ஐந்து பைகளில் ஐம்பது இதழ்களை அடைத்ததும் தவறு. ஐந்தரை அடி உயரத்தில் மாட்டியதும் தவறு. அந்த உயரத்துக்கு எட்டிப் படிக்கும் ஆள் வீட்டில் நான் ஒருவன்தான்.

குவியலுக்கு ஒரு ஷான்பாக்

எம்.ஜி. ரோடு நிலையத்தில் இறங்கி சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தோம். 2002-இல் தொடங்கிய பிளாஸம் உட்படப் பழைய, புதிய புத்தகக் கடைகள் அடுத்தடுத்து இருக்கும் தெரு. பெங்களூர் வாசகர்களில் வயதானவர்கள் இன்னும் பேசுவது, பக்கத்தில் இருந்த பிரீமியர் புக் ஷாப்பைப் பற்றி. டி. எஸ். ஷான்பாக் 1971-இல் தொடங்கி 2009-இல் மூடிய சிறிய கடை. தரையிலிருந்து கூரை வரை கோபுரம் கோபுரமாகப் புத்தகங்கள். ஒன்றை உருவினால் பத்து சரியும். ஆனால் கேட்ட புத்தகம் எந்தக் கோபுரத்தில் எத்தனையாவது என்று அவருக்குத் தெரியும். 2021-இல் அவர் மறைந்தபோது ஊரே அதைத்தான் நினைவுகூர்ந்தது.

குவியல் தவறில்லை, அதற்கு ஒரு ஷான்பாக் இருக்கும் வரை. நம் வீட்டு டீபாய்க்கு அடியில் அப்படி யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

தட்டு ஸ்டாண்டின் உறவினர்

பச்சை வழித்தடத்தில் நாகசந்திரா வரை போனால், நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஐகியா. ஸ்வீடன் நாட்டு நிறுவனம் 2022 ஜூனில் இங்கே கடை திறந்தபோது உள்ளே நுழைய மணிக்கணக்கில் வரிசை நின்றது. சனிக்கிழமைகளில் இன்றும் அது கடையா, குடும்பச் சுற்றுலாத் தலமா என்று சொல்வது சிரமம். மாதிரி அறைகளில் ஜோடிகள் உட்கார்ந்து எழுகிறார்கள். பாட்டிகள் மாதிரிச் சமையலறையின் குழாயைத் திருகிப் பார்க்கிறார்கள்.

சுவரில் மாட்டும் பத்திரிகை ரேக்குகளில் இன்று கிடைக்கும் வகைகளை இங்கும் கம்மனஹள்ளியின் மரச்சாமான் கடைகளிலும் பார்த்துத் தொகுத்தால் ஐந்தாறு தேறும். கம்பிப் பைகள் காற்றோட்டமானவை, விலை குறைவு. ஆனால் மெல்லிய இதழ்கள் அதில் இடுப்பொடிந்து துவளும். கண்ணாடி போன்ற அக்ரிலிக் பைகளில் அட்டை முழுதாகத் தெரியும். கூடவே பல் டாக்டர் கிளினிக்கின் சாயலும் வந்துவிடும். கீறலும் சீக்கிரம் விழும். கம்பின் மேல் இதழை நடுவில் விரித்துத் தொங்கவிடும் ரகம் பார்க்க நவீனம். நடுவில் பின் அடித்த வார இதழுக்குச் சரி, பசை போட்டு ஒட்டிய முதுகுள்ள மாத இதழின் ஒட்டு நான்கு வாரத்தில் விட்டுப்போகும். துணி, தோல் பைகள் வாடகை வீட்டுக்கு நல்லவை, ஒரே கொக்கியில் தொங்கும். மரச் சட்டங்கள் வைத்த பைகள் கனமானவை, நல்ல சுவர் கேட்பவை. கடைசியாக, படச்சட்டம் சாய்த்து வைப்பதற்கென்று செய்யும் ஒடுங்கிய பலகை: மூன்று நான்கு அங்குல அகலம், முன்னால் ஒரு சிறு தடுப்பு.

நானும் ஒரு ரேக்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பையில் கொண்டுவந்திருந்த இதழ்களை அதில் வைத்துப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. இவற்றில் பல ஏ4 அளவுக்கு, அதாவது 30 சென்டிமீட்டர் உயர இதழுக்குச் செய்தவை. நம் தேசிய வார இதழ்கள் ஏறத்தாழ 27 சென்டிமீட்டர். அது பரவாயில்லை. ஆனால் சிற்றிதழ்கள் பலவும் 'டெமி' அளவு, 22 சென்டிமீட்டர்கூட இல்லை. ஆழமான பையில் போட்டால் தலைப்பு உள்ளே மூழ்கிவிடுகிறது. எண்பதுகளில் பெங்களூரிலிருந்தே வெளிவந்த 'படிகள்' போன்ற ஓர் இதழ் இந்தப் பைக்குள் விழுந்தால் கைவிட்டுத் துழாவித்தான் எடுக்க வேண்டும். தமிழ் வாசகன் வீட்டுக்கு ஆழமான பை ஆகாது. தடுப்பு இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரக் கூடாது.

இந்தத் துறையின் ஒரு பழைய கதை இங்கே பொருத்தமானது. 1949-இல் ஸ்வீடனின் போனியர் பதிப்பகம் ஒரு போட்டி அறிவித்தது. மலிவு விலையில் எல்லோரும் வாங்கக்கூடிய, எளிதாக அனுப்பி மாட்டக்கூடிய புத்தக அலமாரி வேண்டும் என்பது போட்டி. வீட்டில் அலமாரி இருந்தால்தான் புத்தகம் வாங்குவார்கள் என்பது பதிப்பகத்தின் கணக்கு. வென்றவர் நில்ஸ் ஸ்ட்ரின்னிங். சுவரில் ஏணி போல இரண்டு கம்பிச் சட்டங்கள், நடுவே பலகைகள். 'ஸ்ட்ரிங்' என்ற பெயரில் இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதற்கு முன்பு அவர் வடிவமைத்தது பாத்திரம் உலர்த்தும் கம்பித் தாங்கி. அதே பூச்சுக் கம்பிதான் அலமாரிக்கும் கைகொடுத்தது.

நம் சமையலறைச் சுவரில் தலைமுறைகளாகத் தொங்கும் எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டைப் பார்த்து எந்தப் பதிப்பகத்துக்கும் இப்படித் தோன்றவில்லை. தோன்றியிருந்தால், இதழோடு சோப்பும் ஷாம்பூவும் இலவசமாகத் தந்த காலத்தில் ஒரு ரேக்கும் தந்திருப்பார்கள்.

செவுரு என்ன ஜாதி?

திரும்பும் வழியில் சிவாஜி நகர். சந்துக்குள் ஒரு தச்சுப் பட்டறை. பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து அவருடைய தாத்தா காலத்தில் வந்த குடும்பம். தமிழில் பேசினார், மகனிடம் கன்னடத்தில் அளவு சொன்னார், மரம் இறக்க வந்தவரிடம் உருதுவில் பேரம் பேசினார். நான் ரேக் என்று தொடங்கியதும் கையமர்த்தினார்.

"ரேக்கு கெடக்கட்டும் சார். ஒங்க செவுரு என்னா செவுரு, அத்த சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை என்றதும் பத்து நிமிடத்தில் பெங்களூர்ச் சுவர்களின் வரலாறே கிடைத்தது. பழைய கன்டோன்மென்ட் வீடுகள் பல, கருங்கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் கலந்தவை. துளை போட்டால் எங்கே கல், எங்கே சாந்து என்று தெரியாது, கோணலாகப் போகும். பிறகு செங்கல் வந்தது, அதுதான் ஆணிக்கு உகந்தது. அதன் பின் சிமென்ட் பிளாக்: வெளிச்சுவர் ஆறு அங்குலம் அல்லது அதற்கு மேல், உள்சுவர் நான்கு. உள்ளே பொள்ளலான பிளாக் என்றால் சாதாரணக் குப்பி நிற்காது. உள்ளே போய் விரிந்துகொள்ளும் ரகம் வேண்டும். இப்போதைய உயரக் கட்டடங்கள் பலவற்றில் நுரைக் கல் என்று சொல்லும் எடை குறைந்த ஏஏசி பிளாக். மாவு போலக் குடையும், திருகாணி நீளமாக இருந்தால்தான் பிடிக்கும். அலுமினிய அச்சில் வார்த்த முழுக் கான்கிரீட் சுவர் என்றால் சுத்தியல் டிரில் இல்லாமல் ஒன்றும் ஆகாது. ஆனால் ஏறிவிட்டால் யானையைக் கட்டலாம்.

எப்படித் தெரிந்துகொள்வது? துளை போடும்போது வரும் தூளைப் பாருங்கள் என்றார். சிவப்பு என்றால் செங்கல். சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக வந்தால் சிமென்ட் பிளாக். வெள்ளையாக மைதா போல் கொட்டினால் நுரைக் கல். எங்கே துளைக்கக் கூடாது என்பதையும் சொன்னார். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் கூடாது, ஒயர் அந்த வழியாகத்தான் போகும். குளியலறைக்குப் பின்பக்கச் சுவர் கூடாது, குழாய் இருக்கும். மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம், ஓதம் ஏறித் தாள் பூஞ்சை பிடிக்கும். வெயில் விழும் சுவரும் வேண்டாம், அட்டைப்படம் வெளுத்துவிடும்.

மரம்? தேக்கு வேண்டியதில்லை என்றது ஆச்சரியம். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் போதும், அல்லது நல்ல பிளைவுட். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மட்டும் வேண்டாம். கனத்தில் நடுவே தொய்யும், ஈரம் பட்டால் பொரி போல உப்பும். இரும்பு என்றால் பவுடர் கோட்டிங் உள்ளதாகப் பார்க்க வேண்டும். பலகையின் அடிப்பகுதியை முன்னால் அரை அங்குலம் தூக்கி வைத்தால் இதழ் தானாகப் பின்னால் சாய்ந்து நிற்கும். நேராக நிற்க வைத்தால் வழவழத் தாள் இரண்டே நாளில் குனிந்து கும்பிடு போடும்.

"எத்தினி பொஸ்தகம் வெக்கணும்?" என்று கேட்டார்.

"ஒன்பது" என்றேன்.

"அவ்ளோதானா?"

"ஒன்பதுதான். பத்தாவது வந்தா ஒண்ணு வெளியே போகணும்."

பெரியவர் மகளைப் பார்த்தார். தரையிலிருந்து அவள் தோள் வரை கையாலேயே அளந்தார். "அப்ப நடுப் பலகை மூணு அடியில வெக்கிறேன். இல்லாட்டி இவ எட்டிப் பாத்து இழுப்பா, மொத்தமும் தலைல வுழும்."

எஸ்.பி. ரோட்டின் இரும்புக் கடையில் இரண்டரை அங்குலத் திருகாணிகளும் அதற்கேற்ற நைலான் குப்பிகளும் வாங்கினோம். பிறகுதான் வீடு திரும்பினோம். மொத்தச் செலவில் மிக மலிவானது அதுதான். முதல் ரேக் விழுந்ததும் அது இல்லாமல்தான்.

மூன்று பலகைகள்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவரின் மகன் வந்து மாட்டினார். தூள் சாம்பல் நிறத்தில் கொட்டியது. ரசமட்டம் வைத்துப் பார்த்தார், குமிழி நடுவில் நின்றது. ஒவ்வொன்றும் இரண்டரை அடி நீளத்தில் மூன்று பலகைகள். மேலே எங்களுக்கு, நடுவில் அவளுக்கு. கீழே எல்லோருக்கும், அதாவது வீட்டுக்கு வருபவர் உட்கார்ந்தபடி எடுக்க.

நடுப் பலகையில் எதை வைப்பது என்று ஒரு சிறு விவாதம் நடந்தது. தமிழ் மட்டும் வைத்தால் அது பாடப்புத்தகமாகிவிடும் என்று பட்டது. எனவே ஒரு தமிழ் இதழ், ஒரு கன்னட இதழ், ஓர் ஆங்கிலச் சிறுவர் இதழ். அவள் தலைமுறைப் பெங்களூர்க் குழந்தைக்கு மூன்றும் வேண்டும். என் வேலையும் இரண்டு மொழிகளுக்கு நடுவே பலகை போடுவதுதான். 1965-இலிருந்து வெளிவரும் கன்னட வார இதழ் 'சுதா'வும் ஒரு தமிழ் வார இதழும் தோளோடு தோள் சாய்ந்து நின்றதைப் பார்த்தபோது, ஏரிக்கரையும் அயனாவரமும் ஒரு கணம் நினைவுக்கு வந்து போயின.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். ஆணி அடிக்க அனுமதி இல்லையென்றால், ஜன்னல் கம்பியில் ஒரு கயிறும் நான்கு கிளிப்புகளும் போதும். கதவின் மேல் விளிம்பில் கொக்கி மாட்டித் தொங்கவிடும் துணிப் பை இருக்கிறது. ஒட்டுப் பட்டைகளை நம்ப வேண்டாம். டிஸ்டெம்பர் பூசிய சுவரில் பட்டை சுவரைப் பிடிக்காது, பெயின்ட்டைத்தான் பிடித்துக்கொள்ளும். காலி செய்யும் நாளில் அதற்கும் சேர்த்துக் கழிப்பார்கள். எதுவானாலும், வீட்டில் மிகக் குள்ளமானவரின் கண் உயரத்தில் இருக்கட்டும்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆங்கில இதழ் மட்டும் இடம் மாறி இருந்தது. இரண்டாம் வாரம், கடந்து போகும்போதெல்லாம் அட்டையில் இருந்த நடிகரின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். மூன்றாம் வாரம் ரேக் விழவில்லை. எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது.

மாதக் கடைசியில் பழைய பேப்பர்காரர் வந்தார். கட்டை எடுத்துக் கொடுத்தபோது கணக்கில் ஓர் இதழ் குறைந்தது. யாராவது இரவல் வாங்கிப் போயிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து, போர்வை மடிக்கும்போது அவள் தலையணைக்கு அடியில் கிடைத்தது. கடைசிப் பக்கத்துக் குறுக்கெழுத்துப் போட்டியில் ஏழு கட்டங்கள் பென்சிலால் நிரம்பியிருந்தன. முக்கனிகளில் ஒன்று என்ற குறிப்புக்கு எதிரே, 'வாளை' என்று எழுதியிருந்தாள்.

திருத்தலாமா என்று யோசித்தேன். பிறகு இருந்தபடியே மடித்து, தலையணைக்கு அடியிலேயே வைத்துவிட்டு வந்தேன். நடுப் பலகையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த வார இதழை அங்கே நிறுத்தினேன்.